அக்கா கொடுத்தனுப்பிய கறி

கறிக்கடைக்காரன் வீட்டிலா பெண்ணைக் கொடுக்கிறாய் என்று எங்கள் தோட்டத்து லயத்தில் பாதிப் பேர் அப்பாவைக் கேட்டார்கள். தீபாவளி வந்தால் இவர்களே நல்ல தொடைக்கறி வேண்டும் என்று என் வாசலில் வந்து நிற்பார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். அப்பா அவர்களோடு வாதம் பண்ணவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போய் எங்கள் வண்டிக்காளையிடம் கேட்டார். அது அவருடைய பழைய விளையாட்டு. ஏதாவது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அதன் காதில் மெல்ல ஊதுவார். காளை தலையை உலுப்பும், கழுத்து மணி கிலுங்கும். "சரிங்கிறான்" என்பார் அப்பா. தம்பி தங்கைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு கோலா கெத்தில் என்ற டவுனின் கடைத்தெருவில் இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர். மாமனார் அறுப்பார், என் வீட்டுக்காரர் உரித்துத் துண்டு போடுவார், குடலும் காலும் சுத்தம் செய்வது மாமியாருக்கும் எனக்கும். மாமனார் இரண்டு விஷயங்களில் பிடிவாதக்காரர். கோயிலில் செய்வதுபோலவே கடையிலும் ஆட்டின்மேல் தண்ணீர் தெளிப்பார். அது சிலிர்த்துத் தலையை உலுப்பினால்தான் உத்தரவு. அதற்குப் பிறகுதான் கத்தி. கறி வாங்க வந்தவர்கள் வெயிலில் நின்று முணுமுணுத்தாலும் அசைய மாட்டார். "ஆட்டக் கேட்டுக்கிட்டுத்தான் செய்வாரு, என்னை ஒரு நாளு கேட்டதில்ல" என்று மாமியார் என்னிடம் அலுத்துக்கொள்வார். இன்னொன்று, யாராவது சொந்த ஆட்டைக் கொண்டுவந்து அறுக்கச் சொன்னால் தலை அவர்களுக்கு. கேட்பதற்கு முன்பே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு ஆடு கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. இருந்ததையெல்லாம் பட்டாளம் ஓட்டிக்கொண்டு போனது. கறி தொங்கிய கொக்கிகள் சும்மா தொங்கின. வெட்டுக்கட்டைமேல் மரவள்ளிக்கிழங்கைக் குவித்து விற்றோம். மாமனார் மட்டும் கத்திகளைத் தீட்டுவதை விடவில்லை. வேலையில்லாத கத்திக்கு எதற்கு இத்தனை சீர் என்று நான் மனசுக்குள் எரிச்சல்படுவேன். அந்த நாட்களில் என் எரிச்சலுக்குப் பசியைத் தவிர வேறு காரணம் தேவைப்படவில்லை.

தோட்டத்தில் என் பிறந்த வீடு இன்னும் மோசம். ரப்பர் பால்வெட்டு நின்றுபோய், எல்லாரும் கிழங்கைத் தின்று கிடந்தார்கள். கடைசித் தம்பிக்குக் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அப்பாவிடம் மிச்சமிருந்தது அந்தக் காளையும் வண்டியும்தான். கிழங்கை ஏற்றி வந்து டவுனில் உப்புக்கும் கருவாட்டுக்கும் மாற்றிக்கொண்டு போவார். வரும்போதெல்லாம் எங்கள் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, எனக்கென்று இரண்டு கிழங்கைத் தனியாக எடுத்துக் கொடுப்பார்.

அப்படி ஒரு காலை அவர் வண்டியை நிறுத்தியபோது பின்னாலேயே பட்டாளத்து லாரியும் வந்து நின்றது. எங்கள் தெருவில் மாடு அறுத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் குடும்பத்தோடு பாலிங் பக்கம் போய்விட்டிருந்தார். சிப்பாய் ஒருவன் காளையைப் பார்த்தான், எங்கள் கொக்கிகளைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். "போத்தோங்" என்றான். வெட்டு என்பதற்கு அவனுக்குத் தெரிந்த மலாய் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

மாமனார் கும்பிட்டார். மாடு நாங்கள் அறுப்பதில்லை என்று தமிழிலும் மலாயிலும் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. என் வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்து லாரியில் ஏற்றினார்கள். லாரியில் ஏறினால் சயாமில் ரயில்பாதை போடப் போகவேண்டும் என்பதும், போனவர்கள் திரும்பி வந்ததில்லை என்பதும் ஊருக்கே தெரியும். மாமியார் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

காளை சிப்பாய்களுக்கு அடங்கவில்லை. கொம்பை ஆட்டி இரண்டு பேரை விரட்டியது. அதனால் கயிற்றை அப்பா கையிலேயே கொடுத்தார்கள். அவர் பேச, அது சாதுவாக நின்றது. மாமனார் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளித் தெளித்தார். வாழ்நாளில் ஒரு மாட்டைத் தொட்டறியாத மனுஷர், தெரிந்த ஒன்றையாவது செய்தார். தெளித்துவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தார்.

காளை அசையவில்லை. வெயில் நேரத்தில் தண்ணீர் அதற்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும், அசைபோட்டுக்கொண்டு நின்றது. சிப்பாய் மாமனாரைக் கன்னத்தில் அறைந்தான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தெளித்தார், மறுபடியும் நின்றார். கத்தி கட்டைமேலேயே கிடந்தது. லாரி புறப்படும் சத்தம் கேட்டது. வெட்டித் தொலையுங்களேன் மாமா என்று பலகைக்குப் பின்னால் நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து நான் புல் போட்டு வளர்த்த காளை அது.

அப்பா லாரியிலிருந்த மருமகனைப் பார்த்தார். பிறகு இந்தப் பலகைச் சுவரைப் பார்த்தார். நான் அதற்குப் பின்னால்தான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியாதா? குனிந்து காளையின் காதருகே வாயை வைத்தார். எதையும் கேட்கவில்லை. ஊதினார்.

காளை தலையை உலுப்பியது. மணி கிலுங்கியது.

"உத்தரவு ஆயிடுச்சு சம்பந்தி" என்றார் அப்பா.

அந்த மணிச் சத்தத்தில் என் நெஞ்சு குளிர்ந்தது. தாலி தப்பியது என்று சுவரில் சாய்ந்து மூச்சு விட்டேன். அப்பாவின் முகம் என்ன ஆனது என்று பார்க்க அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் கூசுகிறது.

கறியை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு, என் வீட்டுக்காரரை இறக்கிவிட்டுப் போனார்கள். தலை, கால், குடல், எலும்பும் அதில் ஒட்டிய கொஞ்சம் கறியும் எங்களுக்கு மிச்சம். அப்பா வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மாமனார் அந்தக் காரியத்தைச் செய்தார். தலையைச் சாக்கில் போட்டுத் தூக்கிவந்து அப்பா முன்னால் வைத்தார். அவமதிக்க நினைத்துச் செய்யவில்லை. இத்தனை வருஷமாக யார் எதைக் கொண்டுவந்து அறுத்தாலும் தலையை உரியவரிடம் கொடுத்துப் பழகிய கை. வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார்.

அப்பா சாக்கைத் திறந்து பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "தல வேணாம் சம்பந்தி. அதுல கண்ணு இருக்கு." பிறகு, "வேற ஏதாச்சும் இருந்தா குடுங்க. புள்ளைங்க கிடக்குதுங்க" என்றார்.

எலும்போடு ஒட்டிய கறியை மாமனார் சேம்பிலையில் சுற்றிக் கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கழற்றி வைத்திருந்த மணியை இடுப்பு வேட்டியில் சத்தமில்லாமல் முடிந்துகொண்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். நான் வெளியே ஓடிப்போய் வழியனுப்பியிருக்கலாம். அவர் அதை வாங்கியதை நான் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று உள்ளேயே நின்றுவிட்டேன். அது மரியாதையா, பார்க்கக் கூசியதா என்று என்னாலேயே சொல்ல முடியாது.

வீட்டில் அவர் என்ன சொன்னார் என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. காளையை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டான் என்றாராம். கறி? அது அக்கா கொடுத்தனுப்பிய ஆட்டுக்கறி. தோட்டத்துக்குப் போன என்னிடம் கடைசித் தம்பி ஓடிவந்து, "அக்கா, இன்னும் ஒருக்கா குடுத்து விடுவியாக்கா" என்று கேட்டான். கால் வீக்கம் வற்றியிருந்தது. அப்பா கொல்லையில் மண்வெட்டியோடு நின்றிருந்தார், திரும்பவில்லை. தருகிறேன் என்று தலையாட்டினேன்.

அந்தத் தம்பிதான் இப்போது கோயில் தலைவர். மாட்டுக்கறி தின்றவர்கள் அவன் வீட்டுப் படியேற முடியாது. அவனிடம் நான் என்னத்தைச் சொல்ல? ஒவ்வொரு தீபாவளிக்கும் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, ஜப்பான்காரன் காலத்தில் அக்கா தன் வயிற்றைக் கட்டி அனுப்பிய ஆட்டுக்கறியால்தான் நான் பிழைத்தேன் என்று சொல்வான். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பாட்டிக்கு எவ்வளவு அடக்கம் பார் என்பார்கள்.

பிறகு கறிச்சட்டி வரும். முதல் துண்டை என் இலையில்தான் வைப்பான். நான் எடுத்து வாயில் வைக்கும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள்.