முதல் கியர் இருந்த இடத்தில்

என் மனைவி அன்று தவறான கியரைப் போடவில்லை. அவள் கை சரியான இடத்துக்குத்தான் போனது. அந்த இடத்தில் இருந்த கியரை மாற்றி வைத்தவன் நான். மாற்றியதை மறைத்தவனும் நானே!

இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அதுவும் அவளிடம் அல்ல, உங்களிடம். நீங்கள் யாரோ, உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. கோழைகள் இப்படித்தான் ஆள் பார்த்துப் பேசுவார்கள்.

வேங்கிக்காலில் எனக்கொரு கார் பட்டறை இருக்கிறது. பட்டறைக்குப் பக்கத்திலேயே என் மனைவி உமா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தாள். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்கள், டீச்சர்கள், மருமகளுக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ள வந்த ஒரு மாமியார் என்று பலரும் அவளிடம் படித்தார்கள். ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உமா மேடம் வீட்டுக்காரரு" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது... இல்லை, தெரிந்திருந்தது. பொய் சொல்லக் கூடாது என்றுதானே எழுத உட்கார்ந்தேன்!

அவளிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். மேலே கூரையை மடக்கிவிடலாம், தரையோடு தரையாகப் போகும். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கம், என் மாமனாருக்கு வாடகை அறைகள் உண்டு. அங்கே வெகுகாலம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அந்தக் காரை மாமாவுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உமா அதில்தான் ஓட்டக் கற்றாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, அடி அண்ணாமலைப் பக்கம் ஆளில்லாத சாலைகளில் சொல்லிக்கொடுத்தாராம். கல்யாணத்துக்குப் பிறகு கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. அவள் அதை ஓட்டிக்கொண்டு போனால் பூக்கடைக்காரர்கள்கூடப் பூக்கட்டும் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

அதில் நான்கு கியர்கள்தான். பெங்களூர் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், எஞ்சின் கதற ஆரம்பித்துவிடும். இன்னொரு கியர் இருந்தால் அது அமைதியாக ஓடுமே என்று எனக்கொரு ஆசை. உமாவிடம் பல தடவை சொன்னேன்.

"நாலே போதுங்க. எனக்கு இந்த கியர் பொட்டி பழகிடுச்சு. கண்ண மூடிக்கிட்டு போடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் வேண்டாம் என்றாள். நான் செய்தேன். என் குற்றம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தங்கையின் பிரசவத்துக்கு உமா ஆரணிக்குப் போயிருந்தாள். ஆயுத பூஜைக்குத்தான் வருவாள். கோயம்புத்தூரில் ஒரு கார் பந்தயக்காரரிடம் சொல்லிவைத்து, ஐந்து கியர் பெட்டி ஒன்றை வரவழைத்திருந்தேன். ஆட்கள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாளாகவே வேலை செய்தேன். பழைய பெட்டியைக் கழற்றி, தாங்கு சட்டத்தில் புதுத் துளைகள் போட்டு, பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டையும் மாற்றி... என்ன சந்தோஷமாகச் செய்தேன் தெரியுமா! அவள் வந்ததும், பூஜை முடிந்த பிறகு, செங்கம் சாலையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுவேன். ஐந்தாவது கியரைப் போட்டதும் எஞ்சின் சத்தம் அடங்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். இதுதான் என் திட்டம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பழைய பெட்டியில், தடியை இடது பக்கம் ஒதுக்கி முன்னால் தள்ளினால் முதல் கியர் விழும். எல்லாக் கார்களையும் போலத்தான். புதுப் பெட்டியோ பந்தயத்துக்காகச் செய்தது. அதில் முதல் கியரைப் பின்பக்கம் இழுத்துப் போட வேண்டும். இடது பக்கம் முன்னால் தள்ளினால்... ரிவர்ஸ்!

ரிவர்ஸ் தவறி விழாமலிருக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் தடுப்பு உண்டு. இந்தப் பெட்டியில் அது தேய்ந்து தளர்ந்திருந்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கியர் தடியின் தலையில், நான்கு கியர்களின் கோடுகள் பொறித்த பழைய வெள்ளைக் குமிழையே திரும்பத் திருகினேன். இரகசியம் வெளிப்படக் கூடாதல்லவா?

ஆயுத பூஜை அன்று காலையில்தான் உமா வந்து சேர்ந்தாள். குளித்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள். சுத்தியல், ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சிவப்புக் காருக்குச் சாமந்தி மாலை போட்டோம். காரின் முகம் வாசலைப் பார்த்து இருந்தது. பின்னால் பட்டறைச் சுவர், நடுவில் ஓர் ஆள் தாராளமாக நிற்கும் அளவுக்கு இடம். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் மாமாவே குனிந்து எலுமிச்சம்பழங்களை வைத்தார். பட்டறை ஆட்கள், அக்கம்பக்கத்தார், உமாவிடம் படிக்கும் பெண்கள் என்று வாசலில் நல்ல கூட்டம்.

பழத்தின் மேல் வண்டியை ஏற்றப்போவது நான்தான் என்று நினைத்திருந்தேன். மாமா விடவில்லை.

"பாப்பாவே எடுக்கட்டும் மாப்ள. ஊர்லருந்து வந்ததும் வராததுமா அது கண்ணு வண்டி மேலயே இருக்குது" என்றார்.

உமா சிரித்தபடி உள்ளே உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவள் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது.

"அப்பா, முன்னாடி நிக்காத. நீ பின்னாடி போய் நின்னுக்கோ."

வண்டி முன்னால்தானே போகும்? பின்னால் நிற்பதுதானே பத்திரம்? அவர் பின்னால் போனார்.

நான் காருக்கு முன்னால், சற்று ஒதுங்கி, கற்பூரத் தட்டோடு நின்றிருந்தேன். அவள் இடது கை கியர் தடிக்குப் போவதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். "இரு" என்றால் போதும். எனக்கு நேரம் இருந்தது. சத்தியமாக இருந்தது!

நான் சொல்லவில்லை. ஏன்?

மறந்துவிட்டேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு நினைவிருந்தது. வண்டி ஒரு குலுக்கு பின்னால் குலுங்கும், ஊருக்கே ஓட்டச் சொல்லித்தரும் உமா மேடம் எல்லார் எதிரிலும் திருதிருவென்று விழிப்பாள், கூட்டம் சிரிக்கும், பிறகு நான் போய் "இது அஞ்சு கியர்" என்று பெருமையாகச் சொல்லலாம்... இப்படி ஒரு நினைப்பு வந்தது. அது எனக்கு இனித்தது. என் மனைவி ஒரே ஒரு தடவை தடுமாறுவதைப் பார்க்க நான் ஆசைப்பட்டேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குள் மாமா எங்கே நிற்கிறார் என்பது என் மண்டைக்குள் இருந்ததா? இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டறை வாசல் சற்று மேடு. மேடு ஏற வேண்டும், பழமும் நசுங்க வேண்டும் என்று அவள் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியே மிதித்தாள். கார் பின்னால் பாய்ந்தது.

தாழ்வான கார் அது. அதன் பின்பக்க பம்பர் சரியாக முழங்கால் உயரம்.

மாமா கத்தவில்லை. "பாப்பா..." என்று மட்டும் கூப்பிட்டார்.

நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது யாரோ சொன்னார்கள், "ஊருக்கே சொல்லித் தர்ற அம்மா, ரிவர்ஸப் போட்டு அப்பன் காலயே ஒடச்சுட்டாங்கபா." இன்னொரு குரல், "பழம் ஒண்ணுகூட நசுங்கல பாரு" என்றது. திரும்பிப் பார்த்தேன். நான்கு எலுமிச்சம்பழங்களும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன.

வேலூருக்குக் கொண்டுபோனோம். வலது முழங்கால் நொறுங்கிவிட்டது, கம்பி வைப்பார்கள், பழைய நடை இனி வராது என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உமா தன் இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கைதாங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் அப்பா உள்ளே ஆபரேஷனில் இருக்கிறார். இப்போது சொன்னால் தாங்கமாட்டாள், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். எவ்வளவு கருணை எனக்கு!

மறுநாள் மாற்றுத்துணி எடுத்துவருகிறேன் என்று அவளை வேலூரிலேயே விட்டுவிட்டு வந்தேன். பட்டறை ஆட்களுக்கு விடுமுறை சொன்னேன். ஷட்டரை இறக்கினேன். அந்த ஐந்து கியர் பெட்டியைக் கழற்றினேன். பழைய நான்கு கியர் பெட்டியைத் திரும்ப மாட்டினேன். ஞாயிறு ஞாயிறாகச் செய்த வேலையை ஒரே பகலில் தலைகீழாகச் செய்து முடித்தேன். வாழ்நாளில் நான் அத்தனை வேகமாக, அத்தனை சுத்தமாக எந்த வண்டிக்கும் வேலை பார்த்ததில்லை. புதுத் துளைகளை அடைத்து மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். பந்தயப் பெட்டியைச் சாக்கில் சுற்றி மூலையில் தள்ளினேன். பிறகு துணிகளை எடுத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன்.

முதல் முறை கியர் பெட்டியை மாற்றியது ஆசையால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை மாற்றியதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மாமா கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"பாப்பா கை தப்பாது மாப்ள. வண்டியிலதான் ஏதோ கோளாறு ஆயிருக்குது. நீங்க ஒரு தடவ நல்லா பாத்துடுங்க. அது மனசு ஒடஞ்சு போயிருக்குது."

உமா கட்டில் ஓரத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டேன் மாமா. வண்டியில ஒண்ணும் இல்ல" என்றேன்.

நான் சொன்னது உண்மை. அன்றைக்கு வண்டியில் ஒன்றுமே இல்லை!

மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, ஒரு மத்தியானம் உமா தனியாகப் பட்டறைக்கு வந்தாள். சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்தாள். சுவர்ப் பக்கம் யாரும் இல்லை என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். கியரை இடது பக்கம் ஒதுக்கி முன்னால் தள்ளி, மெதுவாக க்ளச்சை விட்டாள். கார் முன்னால் நகர்ந்தது. நிறுத்தினாள். மறுபடி போட்டாள். மறுபடியும் முன்னால்தான் நகர்ந்தது. எத்தனை தடவை போட்டிருப்பாளோ... நான் ஒரு ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன்.

இறங்கி வந்தாள். அழவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. ஃபர்ஸ்ட்டுதான் போட்டேன்னு உள்ள ஏதோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. உங்க மேலகூட சந்தேகப்பட்டேன், வண்டிய சரியா பாக்கலியோன்னு. மன்னிச்சிடுங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது. என் கைதான்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்... என்னிடம்!

அந்த வாரமே தன் ஓட்டுநர் பயிற்சிப் பெயர்ப்பலகையை அவளே இறக்கிவிட்டாள். படிக்க வந்த பெண்கள் எவ்வளவோ கெஞ்சினார்கள். "அப்பன் நிக்கிற பக்கமே வண்டிய விட்டவ உங்களுக்கு என்ன சொல்லித் தர முடியும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. கடைக்குப் போவதென்றால் ஷேர் ஆட்டோ. என்னோடு வேறு ஏதாவது காரில் வந்தால் பின்சீட்டில்தான் உட்காருவாள், இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு.

மாமா பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றி நடந்தவர். இப்போது பௌர்ணமிதோறும் செங்கம் சாலையில் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். உமா அவர் காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். "வுடு பாப்பா, போனது போவட்டும்" என்பார் அவர். எனக்குத் தெரிந்து அவள் அப்பா அவளை மன்னிக்காத நாளே இல்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கி வாங்கியே அவள் பாதியாகிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன்.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அவளுக்கு அவள் கை திரும்பக் கிடைத்துவிடும். எனக்குத் தெரியும். ஆனால் நான் அவளுக்கு இல்லாமல் போவேன். அவள் கையா, நானா என்று ஒவ்வொரு நாளும் கேள்வி வருகிறது. ஒவ்வொரு நாளும் நான் என்னையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஆண்டும் ஆயுத பூஜை வந்தது. உமா தட்டில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகப் பொட்டு வைத்து வந்தாள். இரும்பு எதையும் விட மாட்டாள். மூலையை மறைத்துக் கிடந்த பழைய டயர்களை ஆட்கள் இந்த முறைதான் அப்புறப்படுத்தியிருந்தார்கள். மூலைக்கு வந்தவள் சாக்கை விலக்கினாள்.

"இது என்னங்க, கியர் பொட்டியா? யாரோடது?"

"பழசு... யாரோ போட்டுட்டுப் போனது" என்றேன்.

"பாவம், பூஜையே பாக்காம கெடந்திருக்குது" என்று முந்தானையால் தூசியைத் துடைத்தாள். சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்து, கைகூப்பினாள். இடது கையும் வலது கையும் சேர்ந்து அந்தப் பெட்டியைக் கும்பிட்டன.

பிறகு வாடிக்கையாளர் ஒருவரின் புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். நான்தான் ஓட்டினேன். உமா எப்போதும்போல பட்டறைக்கு வெளியே, சுவரோரம் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். முதல் கியர் அதன் இடத்தில் விழுந்தது. நான்கு பழங்களும் நசுங்கின. இறங்கி அவளிடம் போனேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே? கண்ணத் தொறக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

"தொற" என்றேன்.