ஒட்டாத நோய்க்கு எழுந்துபோன அம்மா

மகள் கன்னத்தில் வந்த தடிப்புக்கு நாலு மாதம் படர்தாமரைக் களிம்பு தடவிய அரைகுறை வைத்தியன் நான்தான். கடைசியில் டாக்டர் தோலில் துளி எடுத்துச் சோதித்து, "சார்காய்டோசிஸ். யாருக்கும் ஒட்டாது, மாத்திரையில் அடங்கும்" என்றார்.

இன்று அரக்கோணத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு திருத்தணி பஸ் ஏறினோம். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா, அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னாபா, இத்த வச்சிகினு பஸ்ல இட்டாந்துட்ட? மலைக்கோயில் சந்தனம் பூசி வீட்லயே வச்சிக்கக் கூடாதா?"

"ஒட்டாதுங்க! தோலை வெட்டியே பாத்துட்டாங்க!" பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"விடு நைனா" என்றாள் மகள்.

எப்படி விடுவது? நீங்களாக இருந்தால் விடுவீர்களா?

சோதனை முடிவு வரும்வரை வீட்டில் அவளுக்குத் தனித்தட்டு வைத்தவன் நான் என்பதை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.