குளோரின் போட்ட புதன்கிழமை

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் டிவிசனில் வரிசையாய் ஒட்டிய வீடுகளாக ஐந்து லயம், அறுபத்திரண்டு குடும்பம், ஒரே ஒரு தண்ணீர் டேங்கி. அதைப் பார்த்துக்கொள்கிறவர் சோலைமலை. முப்பத்தோரு வருஷமாக அதுதான் அவர் வேலை. குழாயில் இலை அடைத்தால் கையை விட்டு எடுப்பார். ஒரு தடவை செத்த தவளை வந்தது. அதையும் எடுத்து வீசிவிட்டு வால்வைத் திறந்தார். வேறென்ன செய்வார்? தண்ணீர் நின்றால் சனம் அவரைத்தான் ஏசும்.

பார்வைக்கு அது பளிங்கு மாதிரித் தண்ணீர். வவுனியாவிலிருந்து வந்திருந்த மச்சான் ஒரு செம்பு குடித்துவிட்டு, "எங்க ஊர்ல கேத்தலுக்குள்ள வெள்ளையா கல்லு கட்டுது மச்சான். சவுக்காரம் நொரைக்காது. நீங்க குடுத்து வச்சவங்க" என்றான். டேங்கிக்கு வருவது ஓடைத் தண்ணீர் என்பது சோலைமலைக்குத் தெரியும். ஓடைக்கு மேலே உருளைக்கிழங்குத் தோட்டம், அதற்கும் மேலே இன்னொரு லயத்தின் கக்கூஸ் குழிகள். மழை பெய்தால் அத்தனையும் ஓடைக்குத்தான் இறங்கும். சவுக்காரம் பீத்தண்ணீரிலும் நன்றாகத்தான் நுரைக்கும்.

அவருடைய பேத்தி சர்மிளாவுக்கு நாலு வயது. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். பிள்ளை, மருமகள் பிரியந்தியோடு இங்கே. இந்த வருஷத்தில் மட்டும் மூன்று தடவை வயிற்றோட்டம், மூன்று தடவை வார்டு, கையில் சேலைன். இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றும் சொன்னார். வீட்டில் பிரியந்தி கொதிக்க வைத்தாள். அவள் கொழுந்து பறிக்கப் போனபிறகு பிள்ளை இருப்பது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். முப்பது பிள்ளைகளுக்கு அங்கே யார் கொதிக்க வைப்பது?

பிரியந்தி மாதர் சங்கத்துச் செயலாளர். எட்டு மாதமாகக் கடிதம் எழுதினாள். காட்டு ஊற்றிலிருந்து நேராகக் குழாய் இழுத்துக் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்திருந்தது. இந்தத் தோட்டமும் கீழே பள்ளத்துத் தோட்டமும் கேட்டிருந்தன. பணம் ஒரு தோட்டத்துக்குத்தான் இருந்தது. எந்தத் தண்ணீர் மோசமோ அங்கே குழாய்.

"மாமா, வியாழக்கெழம சுகாதாரப் பரிசோதகர் வாறாரு. போத்தல்ல தண்ணி புடிச்சிக்கிட்டுப் போவாரு. நான் கொழுந்து மலையில நிப்பேன். நீங்கதான் காட்டணும்."

"நீ போ தாயி. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். தோட்டத்துக்குத் துரை வருகிறார் என்றால் சாக்கடைக் கானுக்குச் சுண்ணாம்பு போடுவார்கள், லயத்துச் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். வெளியாள் வந்தால் துப்புரவு. பிறந்ததிலிருந்து அவர் கண்டது அதைத்தான். புதன்கிழமை டேங்கியை வடித்து, உள்ளே இறங்கி, பாசியைச் சுரண்டித் தேய்த்தார். எப்போதோ ஆபீசில் கொடுத்த குளோரின் தூள் டின் மூலையில் கிடந்தது. தண்ணீரை நிரப்பி, அதையும் கொட்டிக் கலக்கினார்.

"இம்புட்டுத் தேய்க்கிறீங்களே, டேங்கிக்கு என்ன கல்யாணமா?" என்றாள் மனைவி பேச்சியம்மா.

"அசிங்கமாக் கெடந்தா என்னையத்தாண்டி காறித் துப்புவாங்க."

வியாழக்கிழமை பரிசோதகர் வந்தார். குழாயைத் திறந்து மோந்து பார்த்தார். "மேகட்ட குளோரின் தானவத?" என்று சிங்களத்தில் கேட்டார். இதற்குக் குளோரின் போடுகிறீர்களா என்று.

இல்லை என்றால் வேலை செய்யாத ஆள் என்று ஆகும். "ஹெமதாம தானவா மஹத்தயா" என்றார் சோலைமலை. தினமும் போடுகிறோம்.

அதையும் எழுதிக்கொண்டு, போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவர் போய்விட்டார். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. கிருமி இல்லை, தினமும் சுத்திகரிக்கப்படுகிறது, குடிக்கத் தகுந்தது.

பிரியந்தி கடிதத்தோடு வாசலில் நின்றாள்.

"என்ன மாமா செஞ்சீங்க?"

"கழுவி வச்சேன்."

"அந்த அழுக்கக் காட்டத்தானே எட்டு மாசமா எழுதுனேன்!"

"நீ சொல்லலையே தாயி."

"தொடாதீங்கன்னு சொல்லணும்னு எனக்குத் தோணலையே. இத்தன வருசத்துல எப்ப கழுவுனீங்க?"

 மறுநாள் இரண்டு பேரும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு டவுன் சுகாதார அலுவலகத்துக்குப் போனார்கள். சோலைமலை நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கிளார்க் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதுதாங்க."

"அப்ப முப்பது வருசமா மருந்து போடாமத் தண்ணி விட்டிருக்கீங்க. அத எழுதவா? வேல போயிரும்."

"எழுதுங்கய்யா. இன்னொருக்கா வந்து புடிச்சிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

கிளார்க் பேனாவைத் தொடவில்லை. "குழாய் குடுக்கிற லிஸ்ட் மேல போயிட்டுது. அடுத்த திட்டம் வந்தா பாப்போம்" என்றார்.

குழாய் பள்ளத்துத் தோட்டத்துக்குப் போனது. பரிசோதகர் வந்த அன்று அங்கே டேங்கி பார்க்கும் செல்லசாமி குடித்துவிட்டுப் படுத்திருந்தான். டேங்கிப் பக்கமே போகவில்லை.

ஆறு மாதத்தில் அங்கே ஊற்றுத் தண்ணீர் வந்தது. சோலைமலை ஐந்து லீட்டர் கேனோடு தினமும் இரண்டு மைல் நடந்துபோய்ப் பேத்திக்கு மட்டும் பிடித்து வந்தார். பிள்ளைக் காம்பராவுக்கும் போத்தலில் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை மாதம் பிள்ளைக்கு வயிறு கெடவில்லை. கோடை வந்து ஊற்று மெலிந்ததும் செல்லசாமி வழியை மறித்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. வெளியாளுக்குக் குடுக்கக்கூடாதுன்னு கமிட்டி சொல்லிருச்சு. ஒங்க தண்ணி நல்ல தண்ணின்னு எழுதியே இருக்காம்ல."

"அது எப்படி எழுதுனாங்கன்னு ஒனக்குத் தெரியாதாடா?"

"எனக்குத் தெரியும்ணே. கமிட்டிக்கு என்ன?"

பத்து நாள் போனது. முதல் மழை இறங்கிய வாரம் சர்மிளாவுக்கு மறுபடி வயிற்றோட்டம் தொடங்கியது. சோலைமலை கேனைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது பிரியந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்தாங்களா மாமா?"

"இல்ல தாயி."

அவள் இன்னும் இரண்டு சட்டையை எடுத்துப் பையில் வைத்தாள்.