சாரி கார்டு இல்லாத வண்டி

மலைக்கு வண்டியில் ஊர்வலம் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நானும் அப்படிப் போனவன்தான். அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒருத்தன் ஒத்தக்கடைப் பக்கம் பிளாட் போட்டு விற்கிறான். அவன் வண்டிதான் எல்லாவற்றிலும் பெரியது, அதனால் அவன் தலைவன். ஒருத்தன் காலேஜ் வாத்தியார். ஒருத்தன் சௌராஷ்டிரக்காரன், ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். அவன் வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் பேசுவான். "திட்டு வாங்குறதுக்கு எதுக்குடா மொழிபெயர்ப்பு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்போம். நாலாவது ஆள் தலைவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. நான் சிம்மக்கல்லில் ஒரு பைப் கடையில் சேல்ஸ்மேன்.

அவர்கள் நாலு பேரும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் பெரிய வண்டி வாங்கினார்கள். பின்சீட்டைக் கழற்றிவிட்டு இரும்புத் தட்டு அடித்து, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டினார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கும்? சிப்ஸ் பாக்கெட், டவல், போன் சார்ஜர். மதுரை வெயிலில் கறுப்பு ஜாக்கெட்டும் முட்டிக்குக் கவசமும் போட்டுக்கொண்டு, மாட்டுத்தாவணி சிக்னலில் நின்று வேர்த்து ஊற்றுவார்கள். பக்கத்தில் பூ மூட்டை ஏற்றின டிவிஎஸ் காரன் சிரித்துக்கொண்டே போவான். அவன் ஏற்றின எடையில் பாதியை வைத்துக்கூட இவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

என்னிடம் இருந்தது பதிமூன்று வருச நூறு சிசி வண்டி. காலையில் கடைக்கு, சாயங்காலம் மார்க்கெட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரியோடு அவள் அம்மா வீட்டுக்கு. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க இடது பக்கம் ஒரு கம்பிக் கூண்டு உண்டே, சாரி கார்டு, அதுவும் இருந்தது. பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்கிற தகடும் அதோடு சேர்ந்ததுதான்.

அதுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது.

"மாப்ள, அந்தக் கம்பியக் கழட்டுடா. குரூப் போட்டோல ஒன் வண்டி மட்டும் காய்கறி வாங்கப் போற மாதிரி நிக்குது" என்றான் தலைவன்.

"காய்கறி வாங்கத்தான்டா போகுது."

"மலைக்கு வரும்போதாவது கழட்டு. வீடியோ போடுறம்ல, நாலு பேரு பாப்பான்."

மூன்று மாதம் வாட்ஸப்பில் இதே கேலி. என் வண்டிக்குப் 'பொண்ணு பாக்குற வண்டி' என்று பேர் வைத்தார்கள். கடைசியில் நான் கழற்றினேன். கழற்றாமல் இருந்திருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சிம்மக்கல் மெக்கானிக் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, வீட்ல கேட்டுட்டீங்களா?" என்றான். "நீ கழட்டுடா" என்றேன். அன்று சாயங்காலம் வண்டியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி, "இனிமே நான் காலை எங்க வைக்க? ஒங்க தலையிலயா?" என்று கேட்டாள். கம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மழை ஓய்ந்து இரண்டு வாரம் கழித்துக் கிளம்பினோம். போக வேண்டியது வருசநாட்டு மலை. அது மேற்கே இருக்கிறது. நாங்கள் கூடினது கிழக்கே ஒத்தக்கடையில். ஏனென்றால் தலைவனுக்கு யானைமலை பின்னால் தெரிய ஒரு போட்டோ வேண்டும். சிம்மக்கல்லில் இருக்கிற நான் கிழக்கே போய், போட்டோவில் நின்று, மறுபடி ஊருக்குள் வந்து, மேற்கே போனேன். இந்த லட்சணத்தில்தான் எல்லாம் நடந்தது.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டி, தார் ரோடு முடிந்து, செக்போஸ்ட்டும் தாண்டிய பிறகு வெறும் கல்லும் சேறும். "ஆஃப்ரோடுடா மாப்ள, ஆஃப்ரோடு!" என்று கத்தினார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும். மேலே முப்பது வீடு இருக்கிறது. அந்த ஜனத்துக்கு அதுதான் ரோடு, வேறு ரோடு கிடையாது. அரிசியும் அதில்தான் வருகிறது, பிணமும் அதில்தான் போகிறது. இவர்கள் அங்கே விளையாடப் போகிறார்கள். ஒன்பது கிலோமீட்டரில் தலையாட்டி மூன்று தரம் விழுந்தான். ஒவ்வொரு தரமும் தூக்கிவிடுவதற்கு முன்னால் வீடியோ எடுத்தார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் சம்சாரத்தை மிளகுத் தோட்டத்தில் விரியன் கடித்துவிட்டது, கடித்து அரை மணி நேரம் ஆகிறது. ஊரில் இருப்பது ஒரே ஒரு ஜீப், அது சந்தைக்குப் போய்விட்டது. போனுக்கு டவர் கிடையாது. ஆம்புலன்ஸ் செக்போஸ்ட் வரைக்கும்தான் வரும். அந்தம்மா கீழே உட்கார்ந்திருந்தது. வலது கால் கணுக்கால் வரை கருநீலமாக வீங்கியிருந்தது. அஞ்சு வண்டியைப் பார்த்ததும் அந்த ஆள் கும்பிட்டார். "சாமி மாதிரி வந்தீங்க."

சாமி வந்த வண்டிகளில் உட்கார இடமில்லை.

தலைவன் பெட்டியைப் பார்த்தான். "இது கழட்ட டூல்ஸ் வேணுமே, டூல்ஸ வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன்" என்றான். வாத்தியார் வண்டியிலும் பெட்டி. தலையாட்டி தலைவனைப் பார்த்தான். சௌராஷ்டிரக்காரன் மட்டும் ஹெல்மெட்டை மாட்டினான். "நான் முன்னால போறேன். டவர் கெடச்ச இடத்துல ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, செக்போஸ்ட்டுல நிப்பாட்டி வைக்கிறேன்" என்று திருப்பிக்கொண்டு போனான். அந்தக் கூட்டத்தில் ஒரு மனுசன்.

பின்சீட்டு இருந்தது என் வண்டியில்தான். அந்தம்மாவை ஒரு பக்கமாக உட்கார வைத்தோம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடியவில்லை, வலி. பின்னால் அந்த ஆள் ஏறி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்ததும் அந்தம்மாவின் கால் தகட்டைத் தேடியது. தகடு இல்லை.

"காலை எங்க வைக்க தம்பி?" என்று கேட்டது.

"அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

இறங்க ஆரம்பித்தோம். முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு. பாதி தூரத்தில் தலைவன் என்னை ஓரங்கட்டி முன்னால் போனான். வழி காட்டப் போகிறான் என்று நினைத்தேன். முன்னால் நின்று கேமராவைத் திருப்பினான். "மாப்ள, மெதுவா வா, சேறு தெறிக்கிறது நல்லா விழுது!" அன்றைக்கு நான் விட்ட வசவை எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார்கள்.

அவனைத் தாண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கும்போது பின்னால் அலறல். வண்டி சட்டென்று இழுத்துக்கொண்டு நின்றது. சேலை முந்தி செயினுக்குள் போயிருந்தது. சேலையோடு காலும் உள்ளே இழுபட்டு, குதிகாலைச் சக்கரக் கம்பி கிழித்துவிட்டது. கடிபட்ட அதே கால். அந்த ஆள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளால் சேலையை அறுத்து எடுத்தார். குதிகாலிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. துண்டை இறுக்கிக் கட்டினோம், துண்டும் நனைந்தது. விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மிச்ச தூரம் முழுக்க அவர் குனிந்து, அந்தக் காலைத் தன் கையில் ஏந்திக்கொண்டே வந்தார். தகடு செய்ய வேண்டிய வேலை.

செக்போஸ்ட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னாலேயே போனேன். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். "பாம்பு கடிச்சது சரி. குதிகால் எப்படி இப்படிக் கிழிஞ்சது? இதுலதான் ரத்தம் போய்க்கிட்டே இருக்கு" என்றார். அந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தோட்டத்துல விழுந்துட்டா சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அஞ்சு நாள் அந்தம்மா பிழைக்குமா என்று தெரியாமல் கிடந்தது. பிழைத்தது.

அந்த அஞ்சு நாளுக்குள் தலைவன் வீடியோவைப் போட்டுவிட்டான். பின்னால் பாட்டு, முன்னால் 'உயிர் காத்த ரைடர்கள்' என்று எழுத்து. அவனும் வாத்தியாரும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே ஆயிரம் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். என் வண்டியும் அதில் வருகிறது. கம்பி இல்லாமல் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குரூப்பை விட்டு வெளியே வந்தேன். "இவனுக்குப் பொறாமை" என்று பேசிக்கொண்டார்களாம்.

கம்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துத் தனியாக அந்த மலைக்குப் போனேன். அந்தம்மா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் நொண்டி நடந்து வண்டிக்குப் பக்கத்தில் வந்தது.

"புது வண்டியா தம்பி?"

"அதே வண்டிதான்க்கா."

குனிந்து கம்பியைத் தொட்டது. தகட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தது. "இது அன்னைக்கு இல்லையே."

"கழட்டி வச்சிருந்தேன்."

"எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் அந்தம்மா வீட்டுக்காரர் எனக்காக ஒன்று சொல்லியிருந்தார், அது போதும் என்று தோன்றியது. "போட்டோல அசிங்கமா இருக்கும்னு" என்றேன்.

அந்தம்மாவுக்குப் புரியவில்லை. என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தது. கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

"யாரு பாக்குற போட்டோல?"