வாசலில் கிடந்த கறுப்புச் செருப்பு

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அண்ணனின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பைத் தங்கையான என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்த மறுநாளே கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டார்.

"சுகர் இருந்தது, கால எடுத்தது, அதெல்லாம் எழுதாதம்மா. கொஞ்ச நாளா உடம்பு சரியில்லாம இருந்து இறைவனடி சேர்ந்தார்னு போட்டுடு. சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, பாத்துக்க."

பெரியப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணனின் இளைய மகள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இதே அக்கறைதானே அண்ணனைக் கொண்டுபோனது! ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் முதல் பக்கத்தில் இருக்கும் அண்ணனின் படத்தைக் கும்பிட்டுவிட்டு மலரை மூடி வைத்துவிடலாம்.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூரில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கொஞ்சம் நெல்லும் போடுகிற சின்னக் குடும்பத்தில். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. அன்றிலிருந்து எனக்கு அப்பாவும் அண்ணன்தான். ஏர் ஓட்டுவதும் களை வெட்டுவதும் மூட்டை சுமப்பதும் போக, என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். நர்ஸ் படிப்புக்கு நான் தயங்கியபோது, "நீ படிச்சுட்டு வந்து ஊசி போடு, மொத ஆளா நான் கத்திக்கினு ஓடறேன்" என்று சிரிக்க வைத்தே சேர்த்துவிட்டார். அந்த நாளில் அண்ணன் உடம்பில் ஒரு பிடி சதை கிடையாது. கேழ்வரகுக் களியும் கூழும்தான் சாப்பாடு. ஜுரம் என்று படுத்துக்கூட நான் பார்த்ததில்லை.

கிணறு வற்றியது. திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரான புதிதில் அண்ணன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அண்ணியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அந்த ஊருக்குள் குடிவந்தார். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே வேன் ஓட்டினார். வேன் நிரம்பினால்தான் புறப்படும். வரிசையில் நிற்கும் வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். ஆகவே பசித்தால் டீ, தூக்கம் வந்தால் டீ, அதுவும் சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்ட டீ. ஸ்டாண்டில் ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையும் கம்மி செய்துகொண்டார். பௌர்ணமி வந்தால் இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வர மாட்டார். ஊரே மலையைச் சுற்றி நடக்கும்போது, நடக்கிறவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டு அண்ணன் மட்டும் உட்கார்ந்தே இருப்பார்.

நான் அப்போது அடி அண்ணாமலைப் பக்கம் வீடு வீடாகப் போகும் சுகாதார நர்ஸ். "இனிப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், தினமும் நடங்கள்" என்று படம் போட்ட அட்டையைக் காட்டிப் பேசுவேன். சாயந்தரம் அண்ணன் வீட்டுக்குப் போனால் அந்த அட்டையை எடுக்கவே எனக்கு வெட்கமாக இருக்கும். அந்தத் தெரு முழுக்க டிரைவர்களும் தையல்காரர்களும்தான். ஒரு வீட்டில் சுகர் என்றால் பக்கத்து வீட்டிலும் சுகர், எதிர் வீட்டில் பிரஷர். இத்தனை பேருமா வாயைக் கட்டத் தெரியாதவர்கள்? செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், கேழ்வரகுக் கூழைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். அந்தக் கூழில் வளர்ந்த நாங்கள் அதை ஏழைச் சாப்பாடு என்று தலைமுழுகிவிட்டு, மூன்று வேளையும் ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்கிறோம். எங்கள் கைக்கு எட்டுவது அதுதான். இதையெல்லாம் சொல்ல என் அட்டையில் படம் இல்லை.

அண்ணனுக்குச் சுகர் இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். காலில் குத்திய முள்ளோடு வீட்டுக்குள் நடந்துவந்தார், வலிக்கவே இல்லை என்றார். இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தால் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. காலில் உணர்ச்சி போய்விட்டது, வெறுங்காலோடு இருக்கவே கூடாது என்று டாக்டர் எச்சரித்தார். ஆஸ்பத்திரியின் தொழுநோய்ப் பிரிவில் செருப்புத் தைக்கும் ஐயா ஒருவர் அண்ணனின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அளவெடுத்து, தடித்த கறுப்பு ரப்பரில் பின்வார் வைத்து ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார்.

அண்ணன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது பெருவியாதிக்காரங்க போடற செருப்பு பாப்பா. கோயில் வாசல்ல உக்காந்திருக்கறவங்க கால்ல பாத்திருக்கேன்."

"இருந்தா இன்னாண்ணா? அவங்க காலைக் காப்பாத்தறது உன் காலையும் காப்பாத்தும்."

"எனக்குத் தெரியுது. பாக்கறவனுக்குத் தெரியணுமே. வீட்ல ரெண்டு பொண்ணு இருக்குது."

அந்த நோய் தீரக்கூடியது, அதில் கேவலம் ஒன்றுமில்லை என்று வீடு வீடாகச் சொன்னவள் நான். என் சொந்த அண்ணனிடமே அது எடுபடவில்லை. இருந்தாலும் என் மனசு நோகக் கூடாது என்று வீட்டிலிருந்து வண்டி வரை மட்டும் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறினால் கழற்றிவிடுவார். முன்னால் சாமி படம் இருக்கிறது, செருப்புக் காலோடு பெடலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் டிரைவர்களின் வழக்கம்.

பெரியவளைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வந்த நாளை என்னால் மறக்க முடியாது. வாசலில் எல்லோருடைய செருப்புக்கும் நடுவில் அந்தக் கறுப்புச் செருப்பு கிடந்தது. அண்ணி அவசரத்தில் எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா உள்ளே வர எடுத்த காலை அப்படியே நிறுத்தினார்.

"யாருதுங்க இது?" என்றார்.

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் முந்திக்கொண்டேன்.

"என்னுதுங்க. நான் நர்ஸ். ஒரு பேஷண்டுக்குக் குடுக்க எடுத்தாந்தேன்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். பொய் என்னுடையது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற, போகும்போது செருப்பை என் பையில் போட்டு எடுத்துக்கொண்டும் போனேன். அதற்கு முன் உள்ளே கேசரி பரிமாறினார்கள். சித்தப்பா, "சம்பந்தி, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்க்காமல் இரண்டாவது தட்டையும் வாங்கினார். நானும் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் செருப்பைத் திருப்பிக் கொண்டுபோனேன். "கல்யாணம் முடியட்டும் பாப்பா" என்றார். கல்யாணம் முடிந்தது. "தலை தீபாவளிக்கு வருவாங்க, போகட்டும்" என்றார். தீபாவளியும் போனது. "வளைகாப்பு இருக்குது" என்றார். நான் கத்தினேன், அழுதேன், ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தேன். சீமந்தத்துக்கு மூன்று நாள் முன்னால், சவாரி முடித்து வந்து கால் கழுவியபோது அண்ணிதான் பார்த்தார்கள். வேனில் இன்ஜின் டிரைவரின் காலடியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் வலது உள்ளங்கால் தோல் அப்படியே கழன்று தொங்கியது. நாளெல்லாம் வெந்திருக்கிறது, அண்ணனுக்குத் தெரியவில்லை. சீமந்தம் முடியும் வரை துணி சுற்றி மறைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் நின்றுகொண்டே பரிமாறினார்.

முதலில் இரண்டு விரல் போனது. பிறகு வேலூருக்குக் கொண்டுபோனோம், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அண்ணனின் ஆஸ்பத்திரிச் சீட்டில் யாரோ ஒருவர் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எழுதியவரை அல்ல, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திட்டினேன். அண்ணன் யாரோடு ஒத்துழைக்கவில்லை? வேன் முறையோடு ஒத்துழைத்தார். சம்பந்தியோடு ஒத்துழைத்தார். நம் சொந்தபந்தம் அத்தனை பேரோடும் ஒத்துழைத்தார். "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று இலையில் ஜாங்கிரி வைத்தவர்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி எத்தனை ஒரு நாள்!

மாப்பிள்ளையின் சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடப்பதைப் பார்த்தார். பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கும் ரொம்ப வருஷமா சுகர்தான் சம்பந்தி. பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்களோன்னு நாங்களும் சொல்லல. அன்னிக்கு உங்களுக்காகத்தான் நானும் கேசரி சாப்ட்டேன்."

அண்ணன் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து விஷத்தைத் தின்றிருக்கிறார்கள், நான் அதற்குக் காவல் நின்றிருக்கிறேன்.

அதன் பிறகு அண்ணன் ஐந்து மாதம் இருந்தார். அப்போதும் தெரு டிரைவர்களைக் கூப்பிட்டுக் கட்டிலருகே உட்கார வைத்து, காலைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். "சாமி கோவிச்சுக்காது, செருப்பைப் போட்டு ஓட்டுங்கடா" என்பார். இரண்டு பேர் கேட்டார்கள். ஒருநாள் விடியலில் சிறுநீரகம் நின்று, அண்ணி கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, அமைதியாகப் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் என் காதுபடவே, "வாயைக் கட்டியிருந்தா இன்னும் இருந்திருப்பான்" என்று பேசிக்கொண்டார்கள். சொன்னவர் கையில் அதிரசம் இருந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டும். அளவெடுத்துச் செருப்புத் தைத்துக் கொடுத்த ஐயாவுக்கு முதல் நன்றி. நீங்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை ஐயா, போட விடாதவர்கள் நாங்கள். அண்ணனைத் தூக்கி வேனில் ஏற்றி, கூலி வாங்காமல் வேலூருக்கும் ஊருக்கும் ஓடிய ஸ்டாண்டுத் தம்பிகளுக்கும், ரத்தம் கொடுத்த அடி அண்ணாமலை இளைஞர்களுக்கும், புண்ணைக் கழுவ ஒரு நாளும் முகம் சுளிக்காத அண்ணிக்கும், ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்ன சம்பந்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போன தை மாதம் சோதித்ததில் எனக்கும் சுகர் வந்திருக்கிறது. இதுவும் அச்சில் இருக்கட்டும். இன்று மதியம் நினைவு நாள் பந்தியில் இனிப்பு உண்டு. வேண்டாதவர்கள் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லுங்கள், முதலில் நான் சொல்கிறேன். யாரும் வற்புறுத்தினால் என்னைக் கூப்பிடுங்கள்.

எழுதி முடித்ததும் இதை அண்ணனின் சின்ன மகளிடம் கொடுத்தேன். அவளுடைய வாழ்க்கை அல்லவா? வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு, பெரியப்பா சொன்னபடி நான்கு வரி எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் அழுதுகொண்டே கடைசி வரை படித்தாள்.

"எத்தினி புத்தகம் அடிக்கறீங்க அத்தை?"

"சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான். ஏம்மா?"

"ஜாஸ்தியா கொஞ்சம் அடிங்க. என்னைப் பாக்க வர்றவங்களுக்குக் கேசரிக்கு முன்னாடி இதக் குடுத்துடலாம்."

பத்துப் பிரதி கூடுதலாக அச்சடித்து அவளிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.