வில்மாவின் ஆட்சேபம்

முந்தின காட்சியில் இருந்தது அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வில்மா ஹோஸ்டெட்லரின் வேலை. டை முடிச்சு, பாதி குடித்த காபி, கழற்றிய கையுறை எல்லாம் அவள் நோட்டில் ஏறிவிடும். நெப்ராஸ்காவிலிருந்து ஹாலிவுட் வந்து ஒன்பது வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பியது சொற்பம்.

1943 வசந்தத்தில் ஒரு காதல் நகைச்சுவைப் படம். விளம்பரக் கம்பெனி நடத்தும் நாயகி, ராணுவ கேப்டனைக் கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் வேலையை உதறிவிட்டு மூன்றடுக்கு கேக் சுட்டு நீட்டுவாள். அந்தக் காட்சிக்கு விளக்குகள் எரிந்ததும் வில்மா கை தூக்கினாள்.

"சார், இது ஒட்டாது."

இயக்குநர் கெஸ்லர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, ஏப்ரன் மாறிடுச்சா?"

"ஏப்ரன் சரியாத்தான் இருக்கு. பன்னிரண்டாம் காட்சியில இவங்களுக்கு அடுப்பு பத்தவைக்கவே தெரியாது. கதையில நடுவுல போனது நாலே நாள். அதுக்குள்ள மூணடுக்கு கேக்கா?"

"காதல் வந்தா எல்லாம் வந்துடும், வில்மா."

"எனக்கும் வந்துது சார். முட்டை உடைக்கத்தான் இன்னும் வரலை."

மேலே விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். செட் தச்சன் டூயி ப்ரூயிட் மட்டும் காது சிவக்கக் குனிந்துகொண்டான். வில்மாவுக்கு நிச்சயமானவன் அவன்தான்.

நாயகியாக நடித்த லெனோர் ஹேல் தட்டைக் கீழே வைத்தாள். "அவ சொல்றது சரி. எனக்கே நம்பிக்கை வரலை. விமான ஃபேக்டரியில ஷிப்ட் முடிஞ்சு படம் பார்க்க வர்றவளுங்க நம்புவாளுங்களா?"

"அப்போ கேக்கை யார் சுடறது, நானா?" என்றார் கெஸ்லர்.

வில்மா பக்கம் புரட்டினாள். "முப்பத்தொண்ணாம் காட்சியில கேப்டன், 'பட்டாளத்துல முதல்ல சமையல்கட்டுலதான் இருந்தேன்'னு சொல்றார் சார்."

கெஸ்லர் ஏப்ரனை நாயகன் இடுப்பில் கட்டச் சொன்னார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நாயகன், தளமே சிரித்ததும் இரண்டாம் முறை இன்னும் மாவைப் பூசிக்கொண்டு வந்தான்.

முன்னோட்டக் காட்சியில் பெண்கள் விசிலடித்ததால் ஏப்ரன் தங்கியது. ஆனால் நாயகி வேலையை விடும் வசனத்தை ஸ்டுடியோ முதலாளிகள் வெட்ட விடவில்லை. அதை எதிர்க்க நோட்டில் ஆதாரம் இல்லை. வில்மாவுக்கு அந்த வருத்தம் இருந்தது.

ஜூனில் கல்யாணம். விருந்தில் மாமியார் கேட்டாள்: "வேலையை எப்போ விடப்போறே?"

"என்னைவிடக் கூர்மையான கண்ணு கிடைச்சதும் விட்டுடறேன் அத்தை."

இருபத்தாறு வருஷம் கிடைக்கவில்லை.