ஆறாம் பக்கத்து வில்லன்

வார நாட்களில் வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் காமிக்ஸ் விமர்சனம். இரண்டிலும் எனக்குக் கறார் என்றுதான் பெயர். விமர்சனம் நண்பர்கள் நடத்தும் இணையதளத்துக்கு. சம்பளம் கிடையாது, வாய்த்துடுக்கு மட்டும் ஏராளம்.

போன மாதம் ஒரு புதுக் காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. சாயப்பட்டறையில் செத்துப்போன பெண் ஒருத்தி சிவந்த கைகளோடு திரும்பி வருகிறாள். சட்டம் தொடாத அநியாயக்காரர்களை அவள் தொடுகிறாள். அவள் கை பட்ட இடத்தில் ஏறிய சிவப்பு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஊரே பார்த்துவிடும். நல்ல கற்பனை. வரைந்தவள் பிள்ளையார்பாளையத்துப் பெண். பட்டுப் புடவைக் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு அவளுடைய அப்பா பல வருஷம் நெய்து கொடுத்தவர்.

ஆறாம் பக்கத்தில் வில்லன் வருகிறான். நெய்து வந்த புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். ஓரிடத்தில் இழை விட்டிருக்கிறது. புடவையை நெசவாளி கையில் திருப்பிக் கொடுக்காமல் அவர் காலடியில் போடுகிறான். இடது புருவத்தில் தழும்பு, தோளில் ஒரு பக்கமாகச் சரிந்த துண்டு. என் அப்பாவேதான்.

அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. என்னிடம் ஒரு நாளும் கடிந்து பேசாதவர். எனக்கு முதல் காமிக்ஸ் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவரை இப்படி வரைந்தவள் மீது பொல்லாத கோபம் வந்தது.

ஓவியம் அருமை, வண்ணம் அதைவிட அருமை என்று எழுதிவிட்டு, ‘வில்லன் மட்டும் நம்பும்படியாக இல்லை. இப்படி ஒரு முதலாளி எந்த ஊரிலும் இருக்க முடியாது’ என்று முடித்தேன். விமர்சகருக்கு இது ஒரு வசதி. பிடிக்காத உண்மையை நம்பும்படி இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

அனுப்பவில்லை. அதற்குள் அம்மா மேசையிலிருந்த இதழை எடுத்துப் புரட்ட ஆரம்பித்திருந்தாள். ஆறாம் பக்கத்தில் கை நின்றது. அழப்போகிறாள் என்று பயந்து, எல்லாம் வெறும் கற்பனை, விட்டுத்தள்ளு என்றேன்.

“கற்பனை இல்லமா. இந்தப் பொண்ணோட அப்பாதான் குனிஞ்சி எடுத்துக்கினு போனாரு. ஒரு தடவை இல்ல.”

அம்மா பக்கத்தைத் திருப்பவில்லை. நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். எழுதியதை வாசித்தேன். கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதினேன்: ‘இந்த வில்லனை எனக்குத் தெரியும். அவர் என் அப்பா. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.’ அதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

 கேட்டுவிட்டு அம்மா படத்தில் கதவுக்குப் பக்கத்தில், யாரும் வரையப்படாத இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்க நான் நின்னு பாத்துக்கினு இருந்தேன். ஒரு வார்த்த கேக்கல. அதையும் எழுது.”